சட்டத்தின் தலைப்பை விடுங்கள், வரையறையைப் படியுங்கள்

"சட்டம் வந்து எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் அப்படியேதானே இருக்கு?" சமூக நீதி பற்றிப் பேச்சு எழும் இடத்திலெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். கேட்பவர்களில் சிலர் உண்மையான ஆதங்கத்தில் கேட்கிறார்கள், சிலர் "அப்புறம் எதுக்கு இந்தச் சட்டமெல்லாம்" என்ற முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இருவருக்கும் வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: சட்டம் நல்ல சட்டம், அமல்படுத்துவதில்தான் கோளாறு. இது பாதி உண்மை என்பது என் கட்சி. அமலாக்கத்தில் ஓட்டை இருப்பது நிஜம்தான், ஆனால் பல சட்டங்களில் அந்த ஓட்டை எழுதும்போதே விழுந்துவிடுகிறது. யாரும் படிக்காத ஒரு உட்பிரிவில், ஒரு கெடு தேதியில், "என்ற காரணத்தால்" மாதிரி சாதுவாகத் தெரியும் ஒரு சொல்லில் அது இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. சட்டம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

முதலில் கொஞ்சம் அடிப்படை. சட்டம் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே பொருள் இல்லை. மேலே அரசியலமைப்பு. அதற்குக் கீழே நாடாளுமன்றமோ சட்டமன்றமோ நிறைவேற்றும் சட்டங்கள். அந்தச் சட்டத்தை நடைமுறையில் எப்படிச் செய்வது என்று அரசு எழுதும் விதிகள். அதற்கும் கீழே அரசாணை, சுற்றறிக்கை. பொதுக்கொள்கை என்பது இது அத்தனையையும் சேர்த்து, எதைச் செய்வது, யாருக்குச் செய்வது, எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று அரசு எடுக்கும் முடிவு. சில கொள்கைகளுக்குப் பின்னால் சட்டமே கிடையாது, வெறும் அரசாணைதான், அதனால் இன்னொரு அரசாணையில் அதைத் தூக்கிவிடவும் முடியும். சில சட்டங்களுக்குப் பின்னால் பணமே கிடையாது, அதனால் சட்டம் அலமாரியில் இருக்கும். மேல் அடுக்கில் கம்பீரமான வார்த்தைகள் இருக்கும், கீழே இறங்க இறங்கத்தான் ஒரு மனிதர் எந்தக் கவுன்டரில் எந்தக் காகிதத்தோடு நிற்க வேண்டும் என்பது முடிவாகும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். விளிம்புநிலைச் சமூகங்கள் எங்கோ தானாக உருவாகி நின்றன, சட்டம் பிறகு வந்து அவர்களைக் கைதூக்கிவிட்டது என்று ஒரு கதை நம் மனதில் ஓடும். பல சமூகங்களை விளிம்புக்குத் தள்ளியதே சட்டம்தான். 1871இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், ஒரு சமூகத்தில் பிறந்தாலே குற்றவாளி என்று எழுதி வைத்தது. 1911இல் திருத்தி எழுதப்பட்ட பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பெயர்ப்பட்டியல், கைரேகை, காவல் நிலையத்தில் ஆஜர். தென்மாவட்டங்களில் இதை ரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று இதை எதிர்த்து நின்ற மக்கள்மீது போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தை நீக்கியது, நாடு முழுக்க 1952 ஆகஸ்டில் நீங்கியது. நீங்கியதா? பல மாநிலங்களில் அதன் இடத்தில் திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களைக் கண்காணிப்பது என்ற பெயரில் "வழக்கமான குற்றவாளிகள் சட்டம்" வந்து உட்கார்ந்தது. சிறைக் கையேடுகளில் இன்ன சாதிக் கைதிக்கு இன்ன வேலை என்பதும், சீர்மரபினர் (முன்பு குற்றப் பழங்குடி என்று பட்டியலிடப்பட்ட சமூகத்தினர்) என்றால் சந்தேகத்துக்குரியவர் என்ற பார்வையும் அப்படியே தொடர, 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளைச் செல்லாது என்றது. தாய்ச் சட்டம் போய் எழுபது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் ஒரு சிறைக் கையேட்டில் அதன் மூச்சு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

சரி, எல்லோருக்கும் ஒரே விதி வைத்துவிட்டால் நியாயம் வந்துவிடுமா? இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் என்ற நிறுவனத்தின் மின் நிலையம். ஐந்து பிரிவுகள். கறுப்பினத் தொழிலாளர்களுக்கு ஒரே ஒரு பிரிவில்தான் வேலை, கூலி வேலைப் பிரிவு. அந்தப் பிரிவில் அதிகபட்சச் சம்பளம் வாங்குபவர்கூட, மற்ற நான்கு பிரிவுகளில் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் வெள்ளையரைவிடக் குறைவாகத்தான் வாங்கினார். வேலைவாய்ப்பில் நிறப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டப்பிரிவு 1965 ஜூலை 2 அன்று அமலுக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் புது விதி போட்டது: நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர இரண்டு தேர்வுகளில் தேறியிருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்பது முன்பே இருந்த நிபந்தனை.

விதியில் நிறம் என்ற பேச்சே இல்லை. படித்திரு, தேர்வு எழுது, மேலே வா. கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? ஆனால் 1960 மக்கள்தொகைக் கணக்குப்படி அந்த மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்த வெள்ளை ஆண்கள் 34 சதவீதம், கறுப்பின ஆண்கள் 12 சதவீதம், காரணம் அவர்கள் தனியாகப் பிரிக்கப்பட்ட மட்டமான பள்ளிகளில் படித்தவர்கள், அந்தப் பிரிவினையைச் செய்ததும் சட்டம். இன்னொரு பக்கம், சான்றிதழ் நிபந்தனை வருவதற்கு முன்பே சேர்ந்திருந்த வெள்ளையர்கள் சான்றிதழ் இல்லாமலே அதே வேலையைப் பிரச்சினை இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள், பதவி உயர்வும் வாங்கினார்கள். அப்படியென்றால் அந்தச் சான்றிதழுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்? 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது, நிறுவனத்தின் நோக்கம் நல்லதா கெட்டதா என்பது மட்டும் கேள்வி இல்லை, விதியின் விளைவு என்ன என்று பார்க்க வேண்டும், ஒரு பிரிவினரை வெளியே நிறுத்தும் நிபந்தனைக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பதை நிறுவனம்தான் காட்ட வேண்டும் என்று. நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்ற கடைசிப் பகுதியைக் கவனியுங்கள், அதுதான் அந்தத் தீர்ப்பின் பலமே.

நம் ஊர்ப் பாதை வேறு. சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. தமிழ்நாட்டில் கிளம்பிய கொதிப்புக்குப் பிறகு ஜூன் மாதத்துக்குள் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, 15(4) என்ற உட்பிரிவு சேர்ந்தது. பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்வதைச் சமத்துவக் கொள்கை தடுக்காது என்பது அதன் சாரம். இதைத் தமிழ் வாசகர்களுக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது வரையறைக்கு வருவோம். எந்தச் சட்டத்தை எடுத்தாலும் ஆரம்பத்தில், பெரும்பாலும் 2ஆம் பிரிவில், "இச்சட்டத்தில் இன்னது என்றால் இன்னது" என்று ஒரு பட்டியல் இருக்கும். சலிப்பூட்டும் பகுதி. யார் உள்ளே, யார் வெளியே என்பது அங்கேதான் முடிவாகிறது.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் முதல் மத்தியச் சட்டம் 1993இல் வந்தது. அது அமலுக்கு வரவே 1997 ஆகிவிட்டது, அதையும் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மலத்தைக் கையால் சுமப்பவர் என்ற ரீதியில்தான் அதன் வரையறை இருந்தது, உலர் கழிப்பறையை மனதில் வைத்து எழுதியது. சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் இறங்குபவர் அந்தக் கண்ணுக்கே படவில்லை. 2013இல் வந்த இரண்டாவது சட்டம் இதைப் பெரிதும் விரித்தது. சுகாதாரமற்ற கழிப்பறை, திறந்த வடிகால், குழி, ரயில் தண்டவாளம் எல்லாம் உள்ளே வந்தன, சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது "அபாயகரமான சுத்திகரிப்பு" என்ற பெயரில் தனியாகத் தடை செய்யப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் அதே வரையறையின் கீழே ஒரு விளக்கக் குறிப்பு: மத்திய அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் மலத்தை அகற்றுபவர், கையால் மலம் அள்ளுபவராகக் கருதப்பட மாட்டார். அதாவது கையுறையும் கம்பியும் கொடுத்தால் ஆள் அதே ஆள், வேலை அதே வேலை, ஆனால் சட்டத்தின் கணக்கில் அவர் வேறு ஒருவர்.

இரண்டாகப் பிரித்து எழுதியதன் பலன் என்ன தெரியுமா? 2021 ஜூலையில் மாநிலங்களவையில் கேள்வி வந்தபோது, கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று அரசு பதில் சொன்னது. விஷவாயு தாக்கிச் செத்தவர்கள் "சாக்கடை, செப்டிக் டேங்க் சுத்திகரிப்பு" என்ற இன்னொரு தலைப்பின் கீழ் எண்ணப்படுகிறார்கள். பொய் சொன்னதாகக்கூட யாரையும் பிடிக்க முடியாது, வரையறைப்படி பதில் சரி. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

நீதிமன்றம் இடையில் இறங்கித்தான் சில வாசல்கள் திறந்தன. 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக்கியது. ஆனால் பணம் கேட்டுப் போகும் குடும்பம் சந்திக்கும் முதல் கேள்வி, அவர் யாரிடம் வேலை பார்த்தார் என்பது. உள்ளாட்சி ஒப்பந்ததாரரைக் காட்டும், ஒப்பந்ததாரர் துணை ஒப்பந்ததாரரைக் காட்டுவார், அவர் "ஆளையே எனக்குத் தெரியாது" என்பார். தூய்மைப் பணியை ஒப்பந்தத்துக்கு விடுவது என்பது செலவைக் குறைக்கும் நிர்வாக முடிவு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், அது பொறுப்பைக் கரைக்கும் முடிவும்கூட. சட்டத்தில் எழுத்து மாறாமலே, ஒரு டெண்டர் அறிவிப்பு அதன் பல்லைப் பிடுங்கிவிடும்.

வரையறை விளையாட்டு இங்கே மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் 1935ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்தில் விவசாயத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும் சேர்க்கவில்லை. கறுப்பினத்தவர் என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை, ஆனால் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் செய்துகொண்டிருந்த வேலைகளே பெரும்பாலும் அவைதான். 1950களில் திருத்தங்கள் வந்தே அந்தக் கதவு திறந்தது. இங்கே, 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையில் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவராகவோ இஸ்லாமியராகவோ மாறிய தலித் குடும்பம் அதே தெருவில், அதே பாகுபாட்டுக்கு நடுவில் இருந்தாலும் அந்தப் பட்டியலுக்கு வெளியே.

அடுத்தது கெடு தேதி. தமிழ்நாடு 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பிலேயே பங்கு என்றது. மத்தியச் சட்டம் இதைச் செய்ய 2005 ஆனது, அந்த வகையில் பெருமைப்படலாம். ஆனால் 1989 திருத்தத்தில் ஒரு வரி உண்டு: 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமான மகளுக்கு இது கிடையாது. ஒரே வீட்டில் அக்காவுக்கு பிப்ரவரியில் கல்யாணம், தங்கைக்கு ஏப்ரலில் கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தங்கைக்குப் பங்கு உண்டு, அக்காவுக்கு இல்லை. 2005 மத்தியத் திருத்தத்தில் இந்தக் கல்யாண நிபந்தனை இல்லை. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று அப்புறமும் நீதிமன்றங்கள் மாறி மாறிச் சொல்லி, 2020இல்தான் தேவையில்லை என்று முடிவானது. இத்தனைக்குப் பிறகும் அண்ணன் தம்பி நீட்டும் விடுதலைப் பத்திரத்தில் (எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பது) கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் பெண்கள் ஏராளம், அதைச் சட்டம் தடுக்க முடியாது.

மூன்றாவது, ஆதாரம். காகிதமே இல்லாதவரிடம் என்ன காகிதம் கேட்கிறார்கள்? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காலங்காலமாகக் காட்டில் வாழ்ந்தவர்களுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று முகவுரையிலேயே ஒப்புக்கொள்ளும் அபூர்வமான சட்டம். பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். பட்டியல் பழங்குடி அல்லாத பாரம்பரிய வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அங்கேயே இருந்ததைக் காட்ட வேண்டும். 1930ஆம் ஆண்டு வாக்கில் காட்டுக்குள் வாழ்ந்த உங்கள் தாத்தாவுக்கு எந்த அலுவலகம் ரசீது கொடுத்திருக்கும்?

சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் விதிகளில் ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வைத்தால் அதுவும் ஆதாரம், கிணறு, இடுகாடு, சாமி இருக்கும் இடம் இவையும் ஆதாரம் என்று போட்டார்கள். முதல் பரிசீலனை கிராம சபைக்கு. 2012 திருத்தத்தில் செயற்கைக்கோள் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணையாக வரலாம், அவற்றின் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்றும் சேர்த்தார்கள். ஏழையின் வாய்மொழியைக் காகிதத்துக்குச் சமமாக வைத்த விதி இது, நம் சட்டப் புத்தகங்களில் இப்படி அதிகம் பார்க்க முடியாது. அப்புறமும் கோரிக்கைகள் லட்சக்கணக்கில் நிராகரிக்கப்பட்டன. 2019 பிப்ரவரி 13 அன்று, நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பி, அதே மாதம் 28 அன்று அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. நிராகரிப்பு முறைப்படி நடந்ததா, மனு போட்டவரிடம் காரணம் சொன்னார்களா என்ற கேள்வியே அந்த இரண்டு வார இடைவெளியில்தான் பெரிதாக எழுந்தது.

கடைசியாக, சாதுவான அந்தச் சொல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது (இன்றும் பலர் இதைப் பழைய குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தில் பிசிஆர் கேஸ் என்றுதான் சொல்வார்கள்). பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான கடுமையான குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை தரும் 3(2)(v) உட்பிரிவில், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் "என்ற காரணத்தால்" குற்றம் நடந்திருக்க வேண்டும் என்று இருந்தது. கொலை செய்தவன் மனதில் சாதிதான் காரணம் என்று எப்படி நிரூபிப்பது? நிலத்தகராறு, பழிவாங்கல் என்று ஏதாவது ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும். 2006இல் மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சியில் ஒரு தலித் குடும்பத்தின் நான்கு பேர் கொல்லப்பட்ட வழக்கில், கொலைக்குத் தண்டனை கிடைத்தது, ஆனால் இந்தச் சட்டம் பொருந்தாது, இது பழிவாங்கும் செயல் என்றன நீதிமன்றங்கள். 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தம் "என்ற காரணத்தால்" என்பதை எடுத்துவிட்டு "என்று தெரிந்தே" என்று மாற்றியது. ஆள் யார் என்று தெரியும் என்பதைக் காட்டினால் போதும். தலைப்புச் செய்தியாகவே வராத இந்த மாற்றம் எத்தனையோ புதுச் சட்டங்களைவிடப் பெரியது என்று நான் நினைக்கிறேன்.

இந்தச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். யார், எத்தனை நாளில், எதைச் செய்ய வேண்டும் என்று வரி வரியாக இருக்கும். டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், 60 நாளுக்குள் விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை போக வேண்டும், நிவாரணத் தொகை தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் கட்டம் கட்டமாக வர வேண்டும், கடமையைச் செய்யாத அரசு ஊழியர்மீதே வழக்குப் போடச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இடம் தருகிறது. முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு வருடத்துக்கு இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, யார் யார் வந்தார்கள், கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம், 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.